செங்கல்லிடம் வயது கேட்கக் கூடாது

கொள்ளிடக் கரையில் அப்பாவுக்கு ஒரு செங்கல் சூளை இருந்தது. சூளை பிரிக்கிற அன்று காலையில் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்றால் வெந்த கல். மொத்தென்றால் வேகாத கல். அதைத் தனியாக அடுக்கச் சொல்லிவிடுவார். அவரும் போய்ச் சேர்ந்தார், சூளையும் போயிற்று. எந்த ஊரில் சுவரைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் எனக்கு மிஞ்சியது. கூட வருகிறவர்களுக்கு இது மானம் போகிற காரியம். மனைவிக்கு லீவு கிடைக்காமல் நான் மட்டும் போலந்துக்குக் கிளம்பியதில் இரண்டு பேருக்குமே கொஞ்சம் நிம்மதிதான்.

போலந்து என்ற பெயர் மனதில் ஏறியது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தபோது. இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். போலந்தைக் களமாக வைத்து அவர் எழுதிய ‘ஏசுவின் தோழர்கள்’ நாவலை யாரோ அறையில் விட்டுப்போயிருந்தார்கள். அப்போதிருந்தே ஓர் ஆசை. இப்போது அக்கா மகன் கிராக்கோவ் நகரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். “மாமா, அக்டோபர் கடைசியில வாங்க. குளிரும், ஆனா கூட்டம் இருக்காது” என்றான். இரண்டுமே உண்மையாக இருந்தன.

வார்சா ரயில் நிலையத்தில் என்னை அழைத்துக்கொண்டு நேராகப் பழைய நகருக்குக் கூட்டிப்போனான். நாலு பக்கமும் வரிசையாக ஒல்லி ஒல்லியான வீடுகள். மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு, பாசிப்பச்சை. சுவரில் ஓவியம், வாசற்படியில் தேய்ந்த கல். நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி, வார்சாவின் சின்னம். அக்கா மகன் என்னைச் சோதிக்கிற மாதிரிக் கேட்டான்.

“இதெல்லாம் எத்தனை வருஷத்துக் கட்டடம், சொல்லுங்க பார்ப்போம்.”

“முந்நூறு, நானூறு இருக்கும்.”

“உங்களவிட பத்து வயசு மூப்பு, அவ்வளவுதான் மாமா.”

இந்தச் சதுக்கம் திறந்துவைக்கப்பட்டது 1953 ஜூலை 22 அன்று. அதற்கு முன்னால் இங்கே இருந்த நானூறு வருஷத்து வீடுகள் 1944இல் மண்ணோடு மண்ணாயின. அந்த வருஷம் ஆகஸ்ட் 1ஆம் தேதி வார்சா மக்கள் ஜெர்மானியருக்கு எதிராக ஆயுதம் எடுத்தார்கள். 63 நாள் தாக்குப்பிடித்தார்கள். ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை பொதுமக்கள் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களை ஊரைவிட்டு வெளியேற்றிய பிறகுதான் நாஜிகளின் உண்மையான வேலை தொடங்கியது. சண்டை முடிந்துவிட்டது, எதிரி யாரும் இல்லை. ஆனாலும் தெருத்தெருவாக, வீட்டுக்கு வீடு நெருப்பு வைத்தும் வெடி வைத்தும் இடித்தார்கள். 1945 ஜனவரியில் செஞ்சேனை நுழைந்தபோது நகரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் இடிபாடு.

நம் கதைகளில் ஊர் எரிந்தால் எரிந்ததுதான். கண்ணகி மதுரையை எரித்த பிறகு யார் எப்படித் திரும்பக் கட்டினார்கள் என்று நாம் கேட்பதில்லை. இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. போருக்கு முன்பே வார்சா பாலிடெக்னிக் கட்டடக்கலை மாணவர்கள் பழைய வீடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களை ஊருக்கு வெளியே ஒரு மடாலயத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். இன்னொரு துணை, பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்தின் கடைசி மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகுஸ்துக்காக வார்சாவைத் தெருத்தெருவாக வரைந்த பெர்னார்தோ பெல்லோத்தோ என்ற இத்தாலியர். அந்த ஓவியங்கள் இன்று அரண்மனையில் தனி அறையில் தொங்குகின்றன. ஒவ்வொரு ஜன்னலையும் எண்ணலாம், கூரையில் புகைக்கூண்டு எத்தனை என்று சொல்லலாம். அவ்வளவு துல்லியம்.

ஆனால் பெல்லோத்தோ ஓவியர், ஆவண எழுத்தர் இல்லை. அழகுக்காக இங்கே கொஞ்சம் கூட்டியிருக்கிறார், அங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டியவர்கள் அந்தக் கற்பனையிலும் கொஞ்சத்தைச் சுவராக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே புனித யோவான் பேராலயம் இருக்கிறது. அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த முகப்பைத் திரும்ப வைக்க மனமில்லாமல், அதற்கும் முன்னால் இடைக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு செங்கல் முகப்பைப் புதிதாக எழுப்பினார்கள். ஆக, இது 1939இல் இருந்த வார்சா இல்லை. அதைவிடப் பழையதாக இருக்க ஆசைப்பட்ட ஒரு வார்சா. இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல நா வரவில்லை. யுனெஸ்கோவுக்கும் வரவில்லை, 1980இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பழைய நகரின் வடக்கு வாசலில் பார்பிகன் என்ற அரைவட்டக் கோட்டைவாசல். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினேன். சுவர் முழுக்க ஒரு கல் நீளவாக்கில், அடுத்த கல் குறுக்குவாக்கில், மறுபடி நீளம், மறுபடி குறுக்கு. நம் பாலிடெக்னிக் பாடத்தில் இதற்குப் பெயர் ஃபிளெமிஷ் பாண்ட். போலந்துக்காரர்களைக் கேட்டால் இது போலிஷ் கட்டு. கல் நன்றாக வெந்த கல், பழைய கல். 1952இல் கட்டத் தொடங்கிய சுவரில் பழைய கல் எப்படி வந்தது?

ரயிலில் வந்தது. வ்ரோத்ஸ்வாவ், நிஸா ஆகிய ஊர்களில் இடித்த பழைய கட்டடங்களின் கல் இது. போர் முடியும்வரை அவை ஜெர்மனியின் ஊர்கள். வ்ரோத்ஸ்வாவுக்கு அன்று ப்ரெஸ்லாவ் என்று பெயர். எல்லைக்கோடு மேற்கே நகர்ந்து அவை போலந்துக்கு வந்ததும், அங்கே குவிந்துகிடந்த செங்கல் கோடிக்கணக்கில் வார்சாவுக்கு வண்டி ஏறியது. ‘முழு தேசமும் தன் தலைநகரைக் கட்டுகிறது’ என்பது அன்றைய முழக்கம். தேசத்தின் பாதி ஊர்கள் தங்கள் சுவரைக் கழற்றிக் கொடுத்தன என்பதும் அந்த முழக்கத்துக்குள் அடக்கம்.

சதுக்கத்திலிருந்து அரைமணி நடை, முரானுஃப் பகுதி. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே யூத அருங்காட்சியகத்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். நாங்கள் பின்னால் இருக்கும் குடியிருப்புக்குள் நடந்தோம். சாதாரண நாலு மாடி வீடுகள், பால்கனியில் சைக்கிள், துணி. ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லா வீடும் தெருமட்டத்திலிருந்து ஓர் ஆள் உயர மேட்டில் நிற்கின்றன. புல் முளைத்த சரிவு, அதில் படிக்கட்டு. வார்சா தட்டையான ஊர். மேடு எங்கிருந்து வந்தது?

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ இங்கேதான் இருந்தது. 1943 ஏப்ரலில் மிச்சமிருந்தவர்கள் எதிர்த்துச் சண்டையிட்டதும் நாஜிகள் பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள். போருக்குப் பிறகு அவ்வளவு இடிபாட்டை வாரிக்கொண்டு போக வண்டி இல்லை, ஆள் இல்லை, போட இடமும் இல்லை. இடிபாட்டை அரைத்துச் சிமெண்டோடு கலந்து கல் வார்த்தார்கள். மீதியை நிரவி மேடாக்கி, அதன் மேல் வீடு கட்டினார்கள். ஒரு பாட்டி காய்கறி வண்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டிருந்தார். அக்கா மகன் ஓடிப்போய் வண்டியின் மறுமுனையைப் பிடித்தான். நான் அந்தப் படியில் எங்கேயும் தட்டிப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாடு பால் பாரில். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். கம்யூனிஸ்ட் காலத்துத் தொழிலாளர் உணவகங்களுக்கு அப்படிப் பெயர், இன்றும் அரசு மானியத்தில் சில ஓடுகின்றன. பலகையைப் பார்த்துச் சொல்லி, காசு கட்டி, சீட்டை ஜன்னலில் கொடுத்து, தட்டை வாங்கி, சாப்பிட்டதும் தட்டைத் திரும்ப ஜன்னலில் வைக்க வேண்டும். மெஸ் பழக்கம் உள்ளவனுக்கு இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. பியெரோகி என்பதைச் சோமாசி வடிவத்துக் கொழுக்கட்டை என்று சொன்னால் சரியாக இருக்கும். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், மேலே வதக்கிய வெங்காயம். காரம் என்ற சொல்லே அந்தச் சமையலறைக்குத் தெரியாது. பையில் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயை மேசைக்கு அடியில் பிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்கைச் சுருக்கிவிட்டு, பிறகு சிரித்தார்.

அக்கா மகன் வேலைக்குத் திரும்பினான். நான் ரயிலேறி வடக்கே, தொருன் நகருக்கு. மொழி பற்றி இங்கே ஒரு வார்த்தை. ழகரம் நமக்கு மட்டுமே வரும் என்று மார்தட்டுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். வூச் என்ற ஊரை எழுத்துக்கூட்டி ‘லோட்ஸ்’ என்று படித்த அன்றே அந்த மார்தட்டல் நின்றுவிட்டது.

தொருன் போரில் தப்பிய ஊர். பழைய நகருக்குப் பெரிய சேதமில்லை. விஸ்துலா ஆற்றின் பாலத்திலிருந்து பார்த்தால் மதில், கோபுரம், கோயில் எல்லாமே செங்கல் சிவப்பு. மாலை வெயிலில் ஊரே ஒரு திறந்த சூளை மாதிரிக் கனன்றது. வார்சாவில் ஊகித்துக் கட்டியதெல்லாம் இங்கே ஊகிக்காமல் நிற்கிறது. மதிலோரம் நடந்தபோது, இடுப்பு உயரத்தில் ஒரு கல்லில் பள்ளமாக நாலு சின்னக் குழி, கீழே ஒரு பெரிய குழி. நாய்க்கால். ஈரக் கல்லை வெயிலில் காயப்போட்டிருக்கும்போது நாய் ஓடியிருக்கிறது. அப்பா சூளையில் இப்படி ஆனால் அறுத்தவர் நாயைக் கல்லெறிந்து துரத்துவார். கல்லைத் தூக்கிப் போட மாட்டார், அதுவும் சூளைக்குள் போகும். ஆறு நூற்றாண்டுக்கு முன் இங்கேயும் ஒருவர் அப்படித்தான் திட்டிக்கொண்டே அடுக்கியிருப்பார்.

கோப்பர்னிக்கஸ் 1473இல் பிறந்தது இந்த ஊரில். அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த தொட்டி கோயிலில் இருக்கிறது. சதுக்கத்தில் 1853இல் வைத்த சிலை; பூமியை நகர்த்தியவர், சூரியனை நிறுத்தியவர் என்கிற பொருளில் லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது கோட்டையின் கதை. டியூட்டானிக் வீரத்துறவிகள் என்ற ஜெர்மானியப் படைமடம்தான் இந்த ஊரை உண்டாக்கியது. வரி தாங்காமலும் கெடுபிடி தாங்காமலும் 1454இல் ஊர்க்காரர்களே கிளர்ந்து கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். இடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று, ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கழிப்பறைக் கோபுரம். அது மட்டும் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

சாய்ந்த கோபுரம் ஒன்றும் உண்டு. குதிகாலை அதன் சுவரில் ஒட்டி, முதுகைச் சாய்த்து, கையை முன்னால் நீட்டி விழாமல் நின்றால் பாவம் செய்யாதவர் என்று நம்பிக்கை. மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை ஒரு பள்ளிக்கூடக் கும்பல் வாய்விட்டு எண்ணியது. அவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் முன்னால் தள்ளாடிவிட்டேன். ஆறுதலுக்குப் பியெர்னிக் வாங்கினேன். தேனும் மசாலாவும் சேர்ந்த ரொட்டி. இலவங்கம், பட்டை, ஏலம், இஞ்சி எல்லாம் போட்டு மர அச்சில் அழுத்திச் சுடுவது. பெயரே மிளகுக்காரம் என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். அந்த நாளில் ஐரோப்பா தின்ற மிளகு மலபாரிலிருந்து கப்பலேறியது என்பதால் கொஞ்சம் உரிமையோடு கடித்தேன். பல்லுக்கு நல்ல வேலை.

அடுத்தது வண்டி மாறி மால்போர்க். பரப்பளவில் உலகின் மிகப்பெரிய கோட்டை இதுதான். 1309இல் டியூட்டானிக் மடத்தின் தலைவர் வெனிஸிலிருந்து இங்கே குடிபெயர்ந்தார். நோகாத் ஆற்றுக்கு எதிர்க்கரையிலிருந்து பார்க்கும்போது வாய் பிளந்தது. கல் கிடைக்காத சதுப்பு நிலம். அதனால் மலை போன்ற இத்தனையையும் களிமண்ணைச் சுட்டே எழுப்பியிருக்கிறார்கள். எத்தனை சூளை புகைந்திருக்கும், எத்தனை காடு விறகாகியிருக்கும் என்றுதான் எனக்குக் கணக்கு ஓடியது.

உள்ளே கூடங்களின் தரையில் தட்டு அளவில் மூடி போட்ட ஓட்டைகள். கீழே நிலவறையில் அடுப்பு மூட்டிக் கற்களைச் சூடேற்றி, நெருப்பு அணைந்ததும் மூடியைத் திறந்தால் சூடான காற்று மேலே வரும். புகை வராது. கோடைக்காலக் கூடத்தின் கூரை முழுவதும் ஒற்றைத் தூணில் நிற்கிறது, விரித்த தாழங்குடை மாதிரி. 1410இல் க்ருன்வால்ட் போரில் மடத்துப் படையைத் தோற்கடித்த போலந்து மன்னரின் சேனை கோட்டையை முற்றுகையிட்டது. அந்த ஒரு தூணைக் குறிபார்த்துப் பீரங்கி சுட்டார்கள், குறி தப்பிச் சுவரில் குண்டு பதிந்தது என்று கதை. குண்டு சுவரில் இருக்கிறது. முற்றுகையில் விழாத கோட்டை பிறகு எப்படிப் போலந்தின் கைக்கு வந்தது? சம்பள பாக்கி. மடம் கூலிப்படைக்குக் கோட்டையையே ஈடு வைத்திருந்தது. காசு வரவில்லை. கூலிப்படை 1457இல் கோட்டையைப் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டியது. வெடிமருந்தைவிட வட்டி வலியது.

1945இல் இதிலும் பாதிக்கு மேல் நொறுங்கியது. திரும்பக் கட்டிய இடங்களில் பழைய கல் கருஞ்சிவப்பாக, புதுக்கல் ஆரஞ்சாகப் பிரிந்து தெரிகிறது. வார்சா மாதிரி மறைக்கவில்லை. வெளிச்சுவரில் இருந்த எட்டு மீட்டர் உயர மாதா சிலை மட்டும் எழுபது வருஷம் மாடம் வெறுமையாகக் கிடந்த பிறகு, 2016இல்தான் திரும்பி வந்தது.

க்தான்ஸ்க் போய்ச் சேர்ந்த அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. நெடுஞ்சந்தைத் தெருவில் வரிசை வீடுகளும், நெப்டியூன் சிலை நிற்கும் நீரூற்றும், ஆற்றங்கரையில் கருத்த மரப் பாரந்தூக்கியும் விளக்கொளியில் மின்னின. அந்தப் பாரந்தூக்கியை அந்தக் காலத்தில் மனிதர்கள் பெரிய சக்கரத்துக்குள் நின்று நடந்து நடந்தே சுழற்றியிருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு எத்தனை விதமாக நடக்க வேண்டியிருக்கிறது!

இதுவும் எரிந்து திரும்பக் கட்டிய ஊர். ஆனால் வார்சாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. போருக்கு முன் இதன் பெயர் டான்ஸிக். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர். ஷோப்பன்ஹவர் பிறந்தது இங்கே, குந்தர் கிராஸ் பிறந்ததும் இங்கே. 1939 செப்டம்பர் 1 விடிகாலையில் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்தத் துறைமுகத்தின் வெஸ்தெர்ப்ளாத்தெ முனையைச் சுட்டதில்தான் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1945இல் நகரம் எரிந்தது, ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். வந்து சேர்ந்தவர்களில் பலர் கிழக்கே வில்னியுஸ், லிவிவ் பக்கத்துச் சொந்த வீடுகளைச் சோவியத் எல்லைக்குள் இழந்துவிட்டு மூட்டையோடு வந்த போலந்துக்காரர்கள். யாரோ ஒருவருடைய பாட்டன் கட்டிய வீட்டை, அந்தப் பாட்டனைக் கண்டறியாத ஒருவர் படம் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார். முகப்புகளைக்கூடப் பிரஷ்யச் சாயல் தெரியாதபடி டச்சு, பிளெமிஷ் பாணியில் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். பின்பக்கம் போனால் சாதாரண அடுக்குமாடி; நாடகத் திரைக்குப் பின்னால் போனது மாதிரி.

மறுநாள் கப்பல் கட்டும் தளம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட கிரேன் ஓட்டுநர் அன்னா வலென்த்தினோவிச்சுக்காக 1980 ஆகஸ்டில் இங்கே தொடங்கியது வேலைநிறுத்தம். மின்பணியாளர் லெக் வலேசா தலைமையேற்றார், ‘சொலிதார்னோஷ்ச்’ என்ற தொழிற்சங்கம் பிறந்தது. 21 கோரிக்கைகளைக் கையால் எழுதி வாசலில் தொங்கவிட்ட இரண்டு பலகைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாதாரண ஒட்டுப்பலகை. சுதந்திரத் தொழிற்சங்கம் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கீழே வரவர இறைச்சிக்குக் கூப்பன், பேறுகால விடுப்பு, சனிக்கிழமை லீவு. கையெழுத்து நேராகத்தான் ஆரம்பித்திருக்கிறது. இடம் போதாமல் கடைசியில் நெருங்கியிருக்கிறது. நான் பார்த்த எல்லாக் கோட்டைகளையும்விட இந்தப் பலகை முன்னால் அதிக நேரம் நின்றேன். வெளியே 1970 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக 42 மீட்டர் உயரத்தில் மூன்று சிலுவைகள். கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கும்போதே அதை எழுப்பவைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அங்கிருந்து நாட்டின் மறுகோடிக்கு, கிராக்கோவ். ரயிலில் பாதி நாள் தூக்கம். இது பழைய தலைநகரம், போரில் இடியாத நகரம். பெரிய சதுக்கம் பக்கத்துக்கு 200 மீட்டர். மரியாள் கோயில் கோபுரத்திலிருந்து மணிக்கொரு தடவை தீயணைப்பு வீரர் ஒருவர் நாலு திசைக்கும் எக்காளம் ஊதுகிறார். பாட்டு பாதியில் சட்டென்று நிற்கிறது. தாத்தாரியர் படையெடுப்பில் காவலாளியின் கழுத்தில் அம்பு பாய்ந்த இடம் அது என்று கதை. இதை ஊரெல்லாம் பரப்பியதில் 1928இல் ஓர் அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. போகட்டும், கதை நன்றாக இருக்கிறது. வியலிச்கா உப்புச் சுரங்கத்துக்கும் போனேன். பூமிக்கு 101 மீட்டர் கீழே உப்பிலேயே செதுக்கிய தேவாலயம், சரவிளக்குவரை உப்பு. சுவரை நக்கிப் பார்க்கலாம் என்று வழிகாட்டியே சொல்கிறார். நக்கினேன். உப்பாகத்தான் இருந்தது.

ஆஷ்விட்ஸ் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பதினோரு லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்துக்குப் பயணக் கட்டுரையின் நடை ஒத்துவராது. ஒன்று மட்டும். முகாமின் பிர்க்கெனாவ் பகுதியில் பெண்களை அடைத்த செங்கல் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. அந்தக் கல் சூளையிலிருந்து புதிதாக வந்ததில்லை. அங்கே இருந்த ப்ஜெஸின்கா கிராமத்து ஜனங்களை விரட்டிவிட்டு, அவர்கள் வீடுகளை இடித்து எடுத்த கல். யாரோ ஒரு குடியானவன் கல்யாணத்துக்கு முன் பார்த்துப் பார்த்துக் கட்டிய அடுப்படியின் கல்லாக இருக்கலாம். அப்பா வைத்த கணீர், மொத்து என்ற இரண்டு கணக்கில் அது எதிலும் சேராது.

கடைசி இரண்டு நாள் கஷிமியெஷ். 1335இல் மாமன்னர் கஷிமியெஷ் நிறுவிய தனி ஊர், பின்னால் யூதர்களின் பேட்டை. வார்சா இழந்ததெல்லாம் இங்கே இருக்கிறது. ஜெபக்கூடங்கள், மர வாசல்கள், கல் பாவிய தெரு, பெரும்பாலும் இடியாமல் நிற்கின்றன. போருக்கு முன் கிராக்கோவில் நாலில் ஒருவர் யூதர். இப்போது தெருவில் மெழுகுவத்தி ஏற்றிய உணவகங்களில் யூத இசை ஒலிக்கிறது; வாசிப்பவரும் கேட்பவரும் அநேகமாக யூதர் இல்லை. ரெமு ஜெபக்கூடத்துப் பின்னால் பழைய இடுகாடு. நாஜிகள் உடைத்துப்போட்ட கல்லறைக் கற்களில் ஒட்டவைக்க முடியாத துண்டுகளையெல்லாம் சேர்த்து உள்பக்கம் நெடுக ஒரு சுவராகவே கட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் பாதிச் சிங்கம், இன்னொன்றில் ஆசீர்வதிக்கும் இரண்டு கைகளின் விரல்நுனி மட்டும். கொத்தனார் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று வெகுநேரம் யோசித்திருக்க வேண்டும். சாந்து ஒரே சீராக இருந்தது.

நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். கடைகள் அடைப்பு. டிராமெல்லாம் சாமந்திச் செடியும் கண்ணாடிக் கூண்டு விளக்குமாகக் கல்லறைக்குப் போகிற கூட்டம். அக்கா மகன் குடியிருப்பது ஆற்றுக்குத் தெற்கே பொத்குஜெ பகுதியில். டிராம் பிடிக்க நடந்தபோது ல்வோவ்ஸ்கா தெருவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறச் சுவர்த்துண்டு. மேல்விளிம்பு வரிசையாக வளைந்து வளைந்து, யூதக் கல்லறைக் கற்களை நெருக்கி நட்டது மாதிரி. 1941இல் கெட்டோவைச் சுற்றி எழுப்பிய மதிலின் மிச்சம். வேண்டுமென்றே அந்த வடிவில் கட்டியது. போலிஷிலும் ஹீப்ருவிலும் ஒரு பலகை.

அக்கா மகன் நின்றுவிட்டான். “மாமா, ரெண்டு வருஷமா இது வழியாத்தான் டெய்லி போறேன். ஏதோ கார் நிறுத்துற இடத்துக் காம்பவுண்டுன்னு நினைச்சேன்.”

சுவரடியில் யாரோ இரண்டு விளக்கு வைத்திருந்தார்கள். ஒன்று எரிந்துகொண்டிருந்தது, இன்னொன்று காற்றில் அணைந்திருந்தது. அவன் பாக்கெட்டைத் தடவினான். நானும் தடவினேன். இரண்டு பேரிடமும் தீப்பெட்டி இல்லை. டிராம் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா மகன் ஓடிப்போய்த் தெரிந்த அளவு போலிஷில் கேட்டான். அவர் லைட்டரைக் கொடுக்கவில்லை; அவரே எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கூண்டைத் திறந்து, காற்றுக்குக் கையை மறைவாக வைத்து மூன்றாவது முறையில் ஏற்றினார். மூடினார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். டிராம் வந்துவிட்டிருந்தது.